பியட்டு காருக்கு கார்புரேட்டர் மாத்தின கதை

ரெண்டு மாசமா இங்க ஒண்ணும் எழுதல. மக்காச்சோள அறுப்பு ஒரு பக்கம், கார் வேலை ஒரு பக்கம்னு இழுத்துட்டுப் போயிருச்சு. அறுப்பைப் பத்தி அடுத்தாப்ல எழுதறேன். இது காரைப் பத்தினது. தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, மக்காச்சோளமும் இந்தக் கதைக்குள்ள வரும்.

எங்க வீட்டு வேப்பமரத்தடியில ஒரு பழைய கார் நிக்கிறது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். ஆர்.சி. புத்தகத்துல பிரீமியர் பத்மினின்னு இருக்கும். ஊருக்குள்ள யாரும் அப்படிச் சொன்னதில்லை, பியட்டுதான். இத்தாலிக்காரன் பியட் 1100 மாடலை பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி செஞ்சாங்க. எழுபதுகள்ல பத்மினின்னு பேரை மாத்துனாங்க. 1089 சி.சி., நாலு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்கும். முன்னாடி ஒரே நீட்டு சீட்டு, மூணு பேர் தாராளமா உக்காரலாம்.

எங்களுது 1986 மாடல். 1991-ல எங்க அய்யன் திருப்பூர்ல ஒருத்தர்கிட்ட இருந்து கைமாத்தி வாங்குனார். அந்த வருசம் பருத்தி நல்லா வந்திருந்தது. அதுக்கப்புறம் எங்க வீட்டுல நடந்த நல்லது கெட்டது எல்லாத்துக்கும் இந்தக் கார் போயிருக்கு. என் மகன் பொறந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு உடுமலைப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு என் சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போனது இதுலதான். அய்யன் 2019 வரைக்கும் அவரே ஓட்டினார். அவர் போனதுக்கப்புறம் என் கைக்கு வந்துச்சு.

மும்பையில கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோட ரோட்டை விட்டுப் போச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். அங்க டாக்சிக்கு 20 வருசம்தான் கணக்கு. நம்மூர்ல சொந்த வண்டிக்கு அப்படி இல்லை. 15 வருசம் முடிஞ்சதும், அப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டிப் புதுப்பிக்கணும். எங்க காருக்கு இந்த மார்ச் மாசத்தோட கெடு. 20 வருசம் தாண்டின காருக்குக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய்னு போன வருசம் ஏத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி புகை டெஸ்ட் பாஸ் ஆகணும்.

அங்கதான் வினை ஆரம்பிச்சுது.

கார் ரெண்டு வருசமாவே சரியில்லை. காலையில ஸ்டார்ட் பண்ணா ஐடில்ல நிக்காது. ஏறும், இறங்கும், அணைஞ்சுரும். யாரோ ஒரு மெக்கானிக் மிக்சர் ஸ்குரூவைத் திறந்து வெச்சார். நின்னுச்சு, ஆனா பின்னாடி கருப்பா புகை. மார்கழியில புகை டெஸ்ட்டுக்குக் கொண்டு போனேன். 2000-க்கு முன்னாடி வந்த பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும், ஹைட்ரோகார்பன் 1500-க்குள்ள இருக்கணும். எனக்கு 5.4 காட்டுச்சு. கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த பையன், "கார்புரேட்டர் போயிருச்சுங்ணா"னு சொல்லிட்டான்.

கார்புரேட்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சொட்டு நீர் போட்டிருக்கறவங்களுக்குச் சுலபமா வெளங்கும். உரம் கொடுக்க வெஞ்சுரி வெச்சிருக்கோமில்லைங்களா? குழாய் நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்துல தண்ணி வேகமாப் போறப்ப அழுத்தம் குறைஞ்சு, பக்கத்துச் சின்னக் குழாய் வழியா உரத்தண்ணிய இழுத்துக்கும். கார்புரேட்டரும் அதேதான். தண்ணிக்குப் பதில் காத்து, உரத்துக்குப் பதில் பெட்ரோல். பெட்ரோல் வர்ற வழியில ஜெட்னு ஒரு சின்னப் பித்தளைத் திருகு, அதுல முடி மாதிரி ஒரு ஓட்டை. எவ்வளவு பெட்ரோல் போகணும்னு அந்த ஓட்டைதான் தீர்மானிக்குது. பக்கத்துல ஒரு சின்னத் தொட்டி. மாட்டுத் தொட்டியில மிதவை வால்வு போடறோமே, அதே மாதிரி ஒரு மிதவை, அது மேல வந்தா அடைக்கிறதுக்கு ஒரு ஊசி வால்வு. இவ்வளவுதான். கம்ப்யூட்டரும் இல்லை, வயரும் இல்லை.

எங்க காருல இருந்தது சோலெக்ஸ் கார்புரேட்டர், காரோட வந்தது. நாப்பது வருசம் ஆச்சு. உள்ள காத்தை அடைச்சுத் திறக்கற தகடு ஒண்ணு இருக்கு, ஆக்சிலேட்டரை மிதிச்சா அது சுத்தும். அந்தத் தகட்டைத் தாங்கற தண்டு தேய்ஞ்சு லொட லொடன்னு ஆடுச்சு. ஆடற இடத்துல வேண்டாத காத்து உள்ள போகும். அதனாலதான் ஐடில் நிக்கல. அதை மறைக்கத்தான் அந்த மெக்கானிக் பெட்ரோலைக் கூட்டிவிட்டு, புகை வந்துச்சு.

இதெல்லாம் இப்ப எழுதறேன். அப்ப எனக்குத் தெரியாது.

எங்க அய்யன் காலத்துல இருந்து இந்தக் காரைப் பாத்த மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். எழுபது தாண்டிருச்சு. கடையை மூடிட்டு வீட்டோட இருக்கார். அவர்கிட்ட போன்ல கேட்டேன். போன்ல அவருக்குச் சரியாக் கேக்கல, அவர் சம்சாரம் இடையில இருந்து சொன்னாங்க. "பழசைக் கழட்டிக் கொண்டா, தண்டுக்கு புஷ் அடிச்சுப் போட்டுக்கலாம், லேத்துல ஒரு வாரம் ஆகும்"னார். நமக்கு ஒரு வாரம் பொறுமை இல்லை. லேத்து கூலி, அலைச்சல்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. ஸ்பேர் கடையில அதே சோலெக்ஸ் மாதிரியே புதுசு 3,400 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னான் ஒரு பையன். கம்பெனி சரக்கு இல்லை, அதைப் பாத்துச் செஞ்ச டூப்ளிகேட். பள பளன்னு இருந்துச்சு. வாங்கிட்டு வந்து, டவுன்ல ஒரு கடையில மாட்டிக்கிட்டேன். ரெண்டு நட்டு, ஒரு பெட்ரோல் ஓஸ், ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கேபிள். ஒரு மணி நேர வேலை. ஸ்டார்ட் ஆச்சு, ஐடில்ல நின்னுச்சு. எனக்கு ஒரே சந்தோசம்.

பழைய கார்புரேட்டரைக் கொண்டாந்து திண்ணையில போட்டேன். அடுத்த வாரம் பழைய இரும்புக்காரன் வந்தப்ப, ஒடஞ்ச மோட்டார் பைப்போட அதையும் எடுத்துக்கச் சொல்லிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன்.

தை மாசம் தாராபுரத்துல ஒரு கல்யாணம். நான், சம்சாரம், மக, மூணு வயசுப் பேரன். சாயங்காலம் வரவேற்பு முடிஞ்சு கிளம்பறப்ப மணி பத்தரை. பேரன் பின் சீட்டுல தூங்கிட்டான். பாதி வழி வந்திருப்போம், சுத்தியும் காத்தாடிக் காடு, மேல செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு இருக்கு, வேற வெளிச்சம் இல்லை. என் சம்சாரம், "ஏனுங்க, பெட்ரோல் வாசம் அடிக்குதே"ன்னா. "பழைய வண்டியில அப்படித்தான் இருக்கும்"னேன். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போறதுக்குள்ள அவ சத்தம் போட்டு நிறுத்தச் சொன்னா. வண்டி தானாவே திணறி நின்னுச்சு. பானட்டைத் திறந்து செல்போன் லைட் அடிச்சேன். கார்புரேட்டர் மேல் மூடியில இருந்து பெட்ரோல் வழிஞ்சு, கொதிக்கற எஞ்சின் மேல சொட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பொறி போதும்ங்க. அதுக்கு மேல எழுத எனக்கு இப்பவும் கை வரல.

மக பையனைத் தூக்கிட்டு ரோட்டோரம் தள்ளிப்போய் நின்னா. யாரும் எதுவும் பேசல. மருமகன் வந்து கூட்டிட்டுப் போக ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. காரை மறுநாள் டிராக்டர் வெச்சு இழுத்துட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் சம்சாரம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "இனி இதுல நான் ஏற மாட்டேன். பையனையும் ஏத்த விட மாட்டேன். வித்துப் போடுங்க." சண்டை போட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். அவ சண்டை போடல. பழைய வண்டி வாங்கறவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு இருபத்தஞ்சாயிரம்னார், இரும்பு எடைக்கு. நான் யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்.

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகல. காலையில தண்ணி கட்டப் போறப்ப வேப்பம்பூ விழுந்து கெடக்கற பானட்டைப் பாத்தா அய்யன் ஞாபகம் வரும், அவ மூஞ்சியும் ஞாபகம் வரும். தப்பு காருது இல்லை, என்னுதுன்னு எனக்கே தெரியும். கடைசியில அந்த மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே நேர்ல போயிட்டேன்.

விசயத்தைச் சொன்னேன். அவருக்குக் காது ரொம்பப் போயிருச்சு. நாப்பது வருசம் எஞ்சினுக்குப் பக்கத்துல நின்ன காது. சத்தமாச் சொல்லணும். எல்லாம் கேட்டுட்டு ஒரே கேள்வி. "பழசு எங்க?"

"இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன்ங்ணா."

அவர் ஒண்ணும் சொல்லல. மேல் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, "சரி, வண்டியப் பாக்கலாம் வா"ன்னார். பைக்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தேன்.

வீட்டு வாசல்ல அவர் வந்து நின்னு, புதுசைத் தட்டிப் பாத்து, "பழைய ஜெட்டு மட்டும் இருந்தாக்கூட போதும் கண்ணு, இதுல போட்டு ஓட்டிரலாம்"னு சொல்லிக்கிட்டு இருக்கறப்ப, என் சம்சாரம் உள்ள போனா. அட்டாலியில இருந்து ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்துட்டு வந்து திண்ணையில வெச்சா. உள்ள மண்ணெண்ணெயில ஊறிக்கிட்டு பழைய கார்புரேட்டர் இருந்துச்சு. இரும்புக்காரன் தராசுல வெச்சப்ப, பித்தளையா இருக்கே, மாமனார் தொட்ட சாமானாச்சேன்னு எடுத்து வெச்சிருக்கா. எங்கிட்ட சொல்லல. "காருக்காக எடுத்து வெக்கல"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அப்புறம் மூணு நாள் வேலை. அவர் செஞ்ச வரிசையை எழுதி வெக்கிறேன். பழைய பெட்ரோல் வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு உதவும்.

முதல் நாள் அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. "எல்லாரும் கார்புரேட்டரைத்தான் மொதல்ல திருகுவாங்க. கரண்டு சரியா இருக்கான்னு பாக்காம மோட்டாரைக் கழட்டுவியா நீ?"ன்னார். டேப்பெட் செட்டிங் பாத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டைத் தேய்ச்சு, ஃபீலர் கேஜ் வெச்சு இடைவெளி வெச்சார். பிளக்கு நாலையும் கழட்டினோம். நாலும் அடுப்புக்கரி மாதிரி கருப்பு. பெட்ரோல் அதிகம்னு அர்த்தம். சுத்தம் பண்ணிப் போட்டு, டைமிங் பாத்துட்டு, "இன்னைக்கு இவ்வளவுதான்"னு காப்பி குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

ரெண்டாம் நாள் ரெண்டு கார்புரேட்டரையும் ஒரு வெள்ளைத் துணியில பிரிச்சு வெச்சார். புதுசுல மூணு குறை.

ஒண்ணு, ஊசி வால்வு. மேல் மூடியைத் தலைகீழாப் பிடிச்சு, பெட்ரோல் வர்ற குழாய்ல வாயை வெச்சு ஊதச் சொன்னார். மிதவையோட எடையில வால்வு அடைச்சுக்கணும், காத்து போகக் கூடாது. புஸ்ஸுன்னு போச்சு. அன்னைக்கு ராத்திரி பெட்ரோல் வழிஞ்சதுக்குக் காரணம் இதுதான். பழசோட வால்வும் தேய்ஞ்சிருந்துச்சு. அவர்கிட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு, உள்ள கம்பெனி ஜெட்டு, வால்வுன்னு பல வருசமாச் சேத்து வெச்சது. அதுல இருந்து ஒண்ணு எடுத்துப் போட்டார். வால்வுக்கு அடியில ஒரு வாசர் வரும். வாசர் கனமாப் போட்டா தொட்டியில பெட்ரோல் மட்டம் இறங்கும், மெல்லிசாப் போட்டா ஏறும். அதையும் அளந்து வெச்சார்.

ரெண்டு, அடிப்பக்கம். எஞ்சின் மேல உக்கார்ற தளம் சமமா இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு மேல எமரி பேப்பரை விரிச்சு, அதுல கார்புரேட்டரை வெச்சு எட்டு போடற மாதிரி தேய்க்கச் சொன்னார். அரை மணி நேரம் தேய்ச்சேன். தளம் முழுக்க ஒரே நிறமா வந்ததுக்கப்புறம் நிறுத்துன்னார்.

மூணு, ஜெட்டு. சோலெக்ஸ் ஜெட்டுல நம்பர் அடிச்சிருப்பாங்க. 120-னு இருந்தா ஓட்டை 1.20 மில்லிமீட்டர்னு அர்த்தம். புதுசுல இருந்த ஜெட்டுல நம்பரே இல்லை. பல்லு குத்தற மரக்குச்சியை பழைய ஜெட்டுல சொருகி, நகத்தால அடையாளம் வெச்சு, அதையே புதுசுல சொருகிக் காட்டினார். அடையாளத்தைத் தாண்டி உள்ள போச்சு. ஓட்டை பெருசு. புகைக்கு அதுதான் காரணம். ஜெட்டு அடைச்சா சில பேரு கம்பி விட்டுக் குத்துவாங்க, அது கூடவே கூடாதுன்னார். பித்தளை மெத்துன்னு இருக்கும், ஓட்டை பெருசாயிரும். பெட்ரோல்ல அலசி, சைக்கிள் பம்புல காத்து அடிச்சாப் போதும்.

ஆக, புது உடம்பு, பழைய ஜெட்டு, பாட்டில் வால்வு. மூணையும் சேத்து மாட்டினோம். பெட்ரோல் ஓஸைக் கழட்டினப்ப ரப்பர் உப்பிப்போய், நகத்துல அழுத்தினா மாவு மாதிரி இருந்துச்சு. "இது எத்தனால் வேலை"ன்னார்.

இங்கதான் நம்ம மக்காச்சோளம் வருதுங்க. நம்ம குடிமங்கலம் பக்கத்துல வெளையறது முன்னாடி எல்லாம் பல்லடம் கோழிப்பண்ணைத் தீவனத்துக்குப் போகும். இப்ப நாட்டுல கரும்போட மக்காச்சோளத்துல இருந்தும் எத்தனால் எடுத்துப் பெட்ரோல்ல கலக்கறாங்க. 2022 ஜூன்ல 10 சதவீதம் கலப்பு வந்துச்சு, 2025-ல 20 ஆச்சு. அதனால மக்காச்சோளத்துக்குக் கிராக்கி கூடியிருக்கு, எனக்கு அதுல சந்தோசம்தான். ஆனா எங்க கார் செஞ்ச காலத்துல இது கிடையாது. அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது. தண்ணியையும் இழுத்து வெச்சுக்கும், வண்டியை மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்தினா கார்புரேட்டருக்குள்ள துரு ஏறும். என் தோட்டத்துல வெளைஞ்சது சுத்தி வந்து என் கார் ஓஸைத் தின்னுருக்குன்னு நெனச்சு சிரிச்சுட்டேன். எத்தனாலைத் தாங்கற ஓஸாக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பெட்ரோல் பம்பு டயாபிரத்தையும் மாத்தினோம்.

மூணாம் நாள்தான் ட்யூனிங். எஞ்சினை நல்லா சூடு பண்ணி, சோக்கை முழுசா உள்ள தள்ளிட்டு ஆரம்பிக்கணும். முதல்ல எண்ணெய் கேன்ல ரெண்டு சொட்டு எஞ்சின் ஆயிலை கார்புரேட்டர் அடிப்பக்கம் சுத்தியும் விட்டார். எங்கயாவது காத்து இழுத்தா எண்ணெய் உள்ள போயி எஞ்சின் சத்தம் மாறும். மாறல. இதுக்குப் பெட்ரோல் ஊத்திப் பாக்கற ஆளுங்களும் இருக்காங்க. சூடான எஞ்சின்ல அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ரெண்டு ஸ்குரூ இருக்கு. ஒண்ணு ஐடில் வேகத்துக்கு. இன்னொண்ணு மிக்சர், அது ஐடில்ல பெட்ரோல் எவ்வளவுன்னு பாக்கறது. மிக்சர் ஸ்குரூவை மெதுவா முழுசும் உள்ள திருகி, அங்கிருந்து ஒண்ணரைச் சுத்து வெளிய விடணும். இறுக்கித் திருகினா முனை கெட்டுப்போகும். ஐடிலைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கிட்டு, மிக்சரைக் கால் சுத்து, கால் சுத்தா உள்ள கொண்டு போகணும். எஞ்சின் தடுமாறுற இடம் வரும். அங்கிருந்து வெளிய எடுத்தா சத்தம் சீராகற இடம் வரும். அதுதான் இடம். அப்புறம் ஐடிலை இறக்கி, திரும்ப ஒருக்கா அதே மாதிரி.

இதை அவர் அந்தக் காலத்துல கண்ணை மூடிட்டுச் செய்வார். ஸ்குரூ டிரைவரை வெச்சுத் தலையைச் சாய்ச்சா முடிஞ்சுது. அன்னைக்கு ரெண்டு தடவை சாய்ச்சுப் பாத்தார். அப்புறம் டிரைவரை எடுத்துட்டு நிமிந்துட்டார்.

"எனக்குக் கேக்கல கண்ணு. நீ கேட்டுச் சொல்லு."

"எனக்கு என்னங்ணா தெரியும்?"

"கெணத்து மோட்டார்ல தண்ணி கொறைஞ்சு காத்து இழுத்தா உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும்ங்க. அது தெரியாத விவசாயி உண்டா. ராத்திரி படுக்கையில இருந்தே தெரியும். எந்திரிச்சுப் போயி அணைச்சுட்டு வருவோம். அவர் திருகினார், நான் காதைக் கொடுத்தேன். உள்ள போகப் போக, ஃபுட்வால்வு காத்து இழுக்கற மாதிரியே ஒரு விக்கல் வந்துச்சு. கையைத் தூக்கினேன். வெளிய எடுத்தார். விக்கல் போயி, பொத பொதன்னு ஒரு சத்தம். அது பெட்ரோல் அதிகம்னார். திரும்பக் கால் சுத்து உள்ள. இடையில ஒரு இடத்துல எல்லாம் அடங்கி, தறி ஓடற மாதிரி ஒரே சீரா வந்துச்சு. "இதுதான்ங்ணா"ன்னேன். அவர் உள்ளங்கையை மட்கார்டு மேல வெச்சுப் பாத்தார். ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாரச் சொல்லி ஏர் ஃபில்டர் மேல வெச்சார். தண்ணி லேசா நடுங்குச்சு, தளும்பல. தலையை ஆட்டினார்.

ஆனா ஓட்டிப் பாத்தப்ப வாய்க்கா பாலத்து மேட்டுல இழுவை இல்லை. ஓடிட்டு இருக்கறப்பவே சோக்கைக் கொஞ்சம் இழுக்கச் சொன்னார். உடனே இழுத்துச்சு. அப்படின்னா வேகத்துல பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். எனக்கு ஆச்சரியம், அதே பழைய ஜெட்டுதானே? கணக்கு சொன்னார். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு, அதே காத்துக்குக் கொஞ்சம் கூடவே எண்ணெய் விடணும். பாட்டில்ல இருந்து அஞ்சு நம்பர் கூட இருக்கற ஜெட்டு ஒண்ணைத் தேடிப் போட்டார். அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு, வேகத்துலயே கிளட்சை மிதிச்சு எஞ்சினை அணைச்சு, ஓரங்கட்டி பிளக்கைக் கழட்டினோம். கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகம், வெள்ளையா இருந்தா கம்மி. எங்களுது காப்பித்தூள் நிறத்துல இருந்துச்சு.

மறுநாள் புகை டெஸ்ட். கார்பன் மோனாக்சைடு 1.8, ஹைட்ரோகார்பன் 620. முன்ன சொன்ன அதே பையன், "வேற கார்புரேட்டர் போட்டீங்களாங்ணா?"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன். அதுக்கு மேல விளக்கறதுக்கு நேரமில்லை. ஆர்.டி.ஓ. வேலையும் மார்ச் முதல் வாரம் முடிஞ்சு, 2031 வரைக்கும் ஓட்டலாம்னு ஆச்சு.

செலவுக் கணக்கு கேக்கறவங்களுக்கு. டூப்ளிகேட் கார்புரேட்டர் 3,400. ஓஸு, டயாபிரம், பேக்கிங், பிளக்கு எல்லாம் 1,900. அண்ணனுக்கு மூணு நாளைக்கு 3,000 கொடுத்தேன், ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். ஜெட்டுக்கும் வால்வுக்கும் காசு வாங்கல. அவர் சொன்னதை முதல்லயே கேட்டு, பழசுக்கு புஷ் அடிச்சிருந்தா இதுல பாதியில முடிஞ்சிருக்கும், அந்த ராத்திரியும் வந்திருக்காது. பழசையும் இப்ப லேத்துக்குக் கொடுத்திருக்கேன், ஸ்பேரா இருக்கட்டும். ஒரு சின்னத் தீயணைப்பு சிலிண்டரும் வாங்கி சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன். அதை முதல்லயே செஞ்சிருக்கணும்.

என் சம்சாரம் விசயம் கேப்பீங்க. நான் கூப்பிடல. கூப்பிட எனக்கு வாயும் இல்லை. தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிசம் ஓட விட்டு, பானட்டைத் திறந்து வெச்சுட்டு மாட்டுக்குத் தீவனம் வெக்கப் போவேன். ஒருநாள் திரும்பி வர்றப்ப அவ பானட்டுக்குள்ள குனிஞ்சு மோந்து பாத்துக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் பக்கத்துல கெடந்த வேப்பம்பூவைக் கூட்டற மாதிரி நகந்துட்டா. இப்படி ஒரு வாரம்.

போன செவ்வாய்க்கிழமை உடுமலைக்கு மருந்து வாங்கப் போகணும். பஸ்ஸுக்கு நிக்கப் போறான்னு நெனச்சேன். பையை எடுத்துட்டு வந்து முன் சீட்டுல உக்காந்தா. "பேரனை இன்னும் ஏத்த மாட்டேன். மொதல்ல நான் பத்து தடவை போயிப் பாக்கறேன்"னா. கண்ணாடியை முழுசா இறக்கி வெச்சுக்கிட்டா. போற வழியெல்லாம் நானும் பேசல, அவளும் பேசல, ரெண்டு பேரும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுட்டுப் போனோம்.

இதுவரைக்கும் மூணு தடவை ஆயிருக்கு. இன்னும் ஏழு பாக்கி.

மெக்கானிக் அண்ணனோட ஹார்லிக்ஸ் பாட்டில் இப்ப எங்க வீட்டு அட்டாலியில இருக்கு. "எனக்கு இனி இது எதுக்கு, உன் காதுதான் நல்லா இருக்கே"ன்னு கொடுத்துட்டார். பக்கத்துல யாராச்சும் பழைய பியட்டு வெச்சிருந்து ஜெட்டு வேணும்னா வாங்க, பாத்துக்கலாம். ஆனா வர்றப்ப பழைய கார்புரேட்டரை இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு வராதீங்க.

அடுத்த பதிவு மக்காச்சோள அறுப்பு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை, என்ன வெலைக்குப் போச்சுன்னு கணக்கோட எழுதறேன்.